முடக்குவாதம் இருப்பவருக்குக் கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தால் இதயத்துக்கு ஆபத்து இல்லையா?

கேள்வி கேட்டவர் புதுச்சேரிக்காரர். அம்மாவுக்கு 58 வயது, ஒன்பது ஆண்டுகளாக முடக்குவாதம் (மூட்டுகளை வீங்கவைக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்), முழு உடல் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் 150-க்குள் வந்திருக்கிறது, ஆகவே இதயத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று பரிசோதனைக் கூடத்தில் சொன்னார்களாம். அது சரியா என்று கேட்கிறார்.

நான் மருத்துவர் அல்ல. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எனக்கும் பன்னிரண்டு ஆண்டுகளாக இதே நோய். இதே நல்ல செய்தியைக் கேட்டு ஏமாந்தவள் என்பதுதான் இதற்குப் பதில் எழுத எனக்கு இருக்கும் தகுதி.

விரல் முட்டிகள் வீங்கி, காலையில் மாவுப் பாத்திரத்தின் மூடியைத் திறக்கக்கூட வீட்டுக்காரரைக் கூப்பிட்ட காலம் அது. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி. 48. அறிக்கை முழுவதும் சிவப்பு மையில் இருந்தது. கொலஸ்ட்ரால் வரி மட்டும் 148 என்று சாதுவாக நின்றது. ஒன்றாவது ஒழுங்காக இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, முதுநகரிலிருந்து வந்த கருவாட்டை அன்று இரவே குழம்பு வைத்தேன். பிறகு முடக்குவாதத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள். சில மாதங்களில் வீக்கம் வடிந்தது, சி.ஆர்.பி. 5-க்கு இறங்கியது, கொலஸ்ட்ரால் 216-க்கு ஏறியது. "அண்ணி, இந்த மாத்திரைதான் கொழுப்பை ஏற்றுகிறது, விட்டுத் தொலையுங்கள்" என்றாள் நாத்தனார். ஒரு வாரம் விட்டும் பார்த்தேன். அந்த முட்டாள்தனத்துக்கு என் மணிக்கட்டு பதில் சொன்னது.

புதுச்சேரியில் நான் காட்டும் மருத்துவர் சொன்ன பிறகுதான் விளங்கியது. உடம்பில் அழற்சி கொழுந்துவிட்டு எரியும்போது இரத்தத்தில் கொலஸ்ட்ரால் தானாகவே குறைந்துவிடும், கெட்டது என்று நாம் சொல்லும் எல்.டி.எல். உட்பட. ஆனால் அதே நேரத்தில் இதய ஆபத்து கூடுகிறது. மூட்டைத் தின்னும் அழற்சிப் பொருள்கள் மூட்டோடு நிற்பதில்லை. இரத்தக் குழாயின் உள்சுவரையும் புண்ணாக்குகின்றன, அங்கே படிந்த கொழுப்புத் திட்டை வெடிக்கத் தயாராக்குகின்றன. நல்ல கொழுப்பு என்னும் எச்.டி.எல்.கூட அப்போது தன் வேலையை ஒழுங்காகச் செய்வதில்லை. ஆக, 148 என்பது நோய் காட்டிய பொய்க் கணக்கு. 216-தான் என் உண்மையான இருப்பு. மருந்து புதிதாக எதையும் ஏற்றிவிடவில்லை, மூடியிருந்ததைத் திறந்து காட்டியது. கொலஸ்ட்ராலை நோய் அடங்கியிருக்கும் காலத்தில் எடுத்துப் பார்ப்பதுதான் நல்லது என்று வழிகாட்டுதல்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

இனி ஆபத்தைக் கணக்கிடும் முறை. வயது, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், சர்க்கரை நோய், கொலஸ்ட்ரால் ஆகியவற்றை வைத்து, அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வர நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று சொல்லும் அட்டவணைகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் உலகத்தை 21 வட்டாரங்களாகப் பிரித்துப் புதிய அட்டவணைகளை வெளியிட்டது. தெற்காசியாவுக்குத் தனி அட்டவணை உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் முடக்குவாதம் என்று ஒரு கட்டம் கிடையாது. பத்து விரலும் வீங்கியவளும் எந்த நோயும் இல்லாதவளும் அதற்கு ஒன்றுதான்.

இந்தக் குறையைச் சரிக்கட்ட ஐரோப்பிய முடக்குவாத மருத்துவ அமைப்பு ஒரு எளிய வழி சொன்னது: வரும் விடையை 1.5-ஆல் பெருக்கு. 2010-இல் வெளியான முதல் பரிந்துரை மூன்று நிபந்தனைகளை வைத்தது: நோய் பத்து ஆண்டைத் தாண்டியிருப்பது, இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்களான ஆர்.ஏ. ஃபேக்டர் அல்லது ஆன்டி சி.சி.பி. இரத்தத்தில் இருப்பது, மூட்டுக்கு வெளியேயும் நோய் பரவியிருப்பது. இவற்றில் இரண்டு பொருந்தினால்தான் பெருக்க வேண்டும். பின்னர் வந்த திருத்தத்தில் அந்த நிபந்தனைகளைக் கழற்றிவிட்டு முடக்குவாதக்காரர் எல்லோருக்கும் என்று ஆக்கிவிட்டார்கள். பிரிட்டனின் கியூரிஸ்க் கணக்கில் மட்டும் முடக்குவாதத்துக்கு ஏற்கெனவே ஒரு கட்டம் உண்டு. அதைப் பயன்படுத்தினால் மறுபடியும் பெருக்கக் கூடாது. ஒரே வரவை இரண்டு பக்கம் எழுதினால் எந்தப் பேரேடு நிற்கும்?

எனக்கு அட்டவணையில் வந்தது நூற்றுக்கு 7. ஒன்றரையால் பெருக்கினால் பத்தரை. அட்டவணையின் மஞ்சள் கட்டத்தில் இருந்தவள் அதைவிட ஆபத்தான ஆரஞ்சுக்குப் போய்விட்டேன். இருந்தாலும் இந்தப் பெருக்கல் ஒரு குத்துமதிப்புதான் என்றே எனக்குத் தோன்றுகிறது. வீக்கமே இல்லாமல் ஐந்து ஆண்டு கழித்தவருக்கும், ஐந்து ஆண்டும் வீக்கத்திலேயே கழித்தவருக்கும் எப்படி ஒரே எண் சரியாகும்? என் மருத்துவருக்கும் அதே சந்தேகம் போலிருக்கிறது. கழுத்து இரத்தக் குழாயை அல்ட்ராசவுண்டில் பார்க்கச் சொன்னார். ஊசி இல்லை, வலி இல்லை. இடது பக்கம் சிறு கொழுப்புத் திட்டு ஒன்று தெரிந்தது. அதற்குப் பிறகு ஏழா பத்தரையா என்ற பேச்சே எழவில்லை. அன்றைக்கே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை எழுதிவிட்டார்.

அம்மா விஷயத்தில் இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்குவதுதான் இதயம் கொடுக்கும் வழக்கமான எச்சரிக்கை. முட்டிவலிக்காரர் மாடியே ஏறுவதில்லை, எச்சரிக்கை எங்கிருந்து வரும்? வந்தாலும் தோள் வலி, நோய் வலி என்று தள்ளிவிடுவோம். டிரெட்மில் பரிசோதனையும் இப்படித்தான். கால் முதலில் தோற்றுவிடும், இதயத்தைச் சோதிக்கவே முடியாது. நடக்க முடியாதவர்களுக்கு மருந்து செலுத்தி இதயத்துடிப்பைக் கூட்டிப் பார்க்கும் முறை இருக்கிறது, கேளுங்கள். "ஒல்லியாகத்தானே இருக்கிறார்" என்பதையும் நம்ப வேண்டாம். இந்த நோயில் தசை கரைந்து கொழுப்பு தங்கும், எடை இயந்திரத்துக்கு அது தெரியாது. இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை.

அப்புறம் வலி மாத்திரை. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் இரத்த அழுத்தத்தை ஏற்றும், மாரடைப்பு வாய்ப்பையும் கூட்டும். நான் எத்தனை ஆண்டு போட்டேன் என்று மருத்துவர் கேட்டபோது எண்ணிக்கை சொல்லவே வெட்கமாக இருந்தது. ஸ்டீராய்டும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, ஆனால் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, படிப்படியாகத்தான். முடக்குவாதத்துக்குத் தரும் டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரையைப் பற்றிப் பேச்சு வந்தால், 2022-இல் வெளியான ஓர் ஆய்வை நினைவூட்டுங்கள். ஐம்பது வயதைத் தாண்டி இதய ஆபத்துக்கான காரணம் ஒன்றாவது இருந்தவர்களிடம் அது நடந்தது. டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசி போட்டவர்களைவிட அந்த மாத்திரை எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கூடுதலாகத் தென்பட்டன. உங்கள் அம்மாவின் வயதுக்கு இது முக்கியம்.

கருவாட்டை நான் இன்னும் முழுதாக விடவில்லை, மாதத்துக்கு ஒருமுறை என்று மருத்துவரிடம் பேரம் பேசி வைத்திருக்கிறேன்.

இப்போது அம்மாவின் கோப்பை எடுத்து, அந்த 150 வந்த தேதியில் சி.ஆர்.பி. எவ்வளவு இருந்தது என்று பாருங்கள். முப்பது நாற்பது என்று இருந்தால் அந்தக் கொலஸ்ட்ரால் அறிக்கையைக் கணக்கில் எடுக்காதீர்கள். மூட்டு அடங்கிய பிறகு மறுபடி எடுத்து, இரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். நீங்கள் உள்ளூரிலேயே இருக்கிறீர்கள், கோரிமேட்டில் ஜிப்மரில் இந்த நோய்க்கென்றே மருத்துவ நோயெதிர்ப்பியல் துறை இருக்கிறது. எங்களைப் போலத் தென்பெண்ணையாற்றைத் தாண்டி இரண்டு பஸ் மாற வேண்டியதில்லை.