மேற்கோள் குறி ஏன் உடனே விழவில்லை?

கேள்வி: பிரெஞ்சு எழுத்துகளுக்காக லினக்ஸில் ‘யு.எஸ். இன்டர்நேஷனல்’ விசைப்பலகை அமைப்பைத் தேர்ந்தெடுத்தேன். அதிலிருந்து மேற்கோள் குறியை ஒருமுறை அழுத்தினால் எதுவும் வருவதில்லை. இருமுறை அழுத்தினால் வருகிறது, ஆனால் டெர்மினல் கட்டளைகள் பிழை காட்டுகின்றன. டெர்மினல் வழியாக அமைப்பை மாற்றினாலும் மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது. விசைப்பலகை பழுதா?

பதில்: பழுதில்லை, புதிதாக எதுவும் வாங்கிவிடாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த அமைப்பில் ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள், டில்டே முதலியவை ‘டெட் கீ’கள். அழுத்தியதும் எழுத்தைத் தராமல், அடுத்த எழுத்தின் தலையில் ஏறக் காத்திருக்கும். மேற்கோள் குறி வேண்டுமானால் அடுத்து ஸ்பேஸ் பாரை அழுத்த வேண்டும். இருமுறை அழுத்தும்போது உங்களுக்குக் கிடைப்பது மேற்கோள் குறியே அல்ல. தனித்து நிற்கும் ஒலிக்குறி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், டெர்மினலுக்கோ அது முற்றிலும் வேறு எழுத்து. கட்டளை பிழையாவதற்குக் காரணம் இதுதான். பலரும் மணிக்கணக்கில் தேடும் இடமும் இதுதான்.

என் பரிந்துரை: அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று, பட்டியலில் ‘ஆல்ட்ஜிஆர் டெட் கீஸ்’ என்று குறிப்பிடும் இன்டர்நேஷனல் வகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் மேற்கோள் குறி வழக்கம்போல உடனே விழும். வலப்பக்க ஆல்ட் விசையுடன் (அதுதான் ஆல்ட்ஜிஆர்) ஆங்கில ‘e’ விசையை அழுத்தினால் பிரெஞ்சின் சாய்கோடிட்ட ‘é’ நேரடியாக வரும். நிரல் எழுதுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை என்பேன். சேர்த்த பிறகு பழையதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இருந்தால் குறுக்குவிசை தவறுதலாகப் பட்டு மீண்டும் அதற்கே மாறிவிடும்.

டெர்மினலில் செய்த மாற்றம் நிலைக்காததற்குக் காரணம், ‘செட்எக்ஸ்கேபிமேப்’ (setxkbmap) கட்டளை அந்த அமர்வுக்கு மட்டுமே செல்லும் என்பது. திரையைக் கையாளும் புதிய அமைப்பான வேலண்டில் அதுகூட முழுமையாகப் பலிக்காது. எக்ஸ்வேலண்ட் என்ற இடைப்பாலம் வழியாக ஓடும் பழைய நிரல்களை மட்டுமே தொடும். ஆகவே டெஸ்க்டாப் அமைப்புகளிலேயே மாற்றுங்கள்.

தமிழ் தட்டச்சுக்காக ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளை வைத்திருந்தால், அதன் அமைப்புகளையும் திறந்து பாருங்கள். அது தனக்கென ஓர் ஆங்கில அமைப்பை வைத்துக்கொண்டு உங்கள் தேர்வை மேலெழுதக்கூடும்.

கடைசியாக, உள்நுழைவுத் திரையின் அமைப்பு தனி. கடவுச்சொல்லில் மேற்கோள் குறி இருந்தால், கணினியை மீண்டும் தொடங்குவதற்கு முன் அந்த அமைப்பையும் மாற்றிவிடுங்கள். ‘லோக்கேல்சிடிஎல்’ (localectl) கட்டளை கணினி முழுமைக்குமான விசைப்பலகை அமைப்பைக் காட்டும், மாற்றவும் செய்யும்.