கையெழுத்து போட்டாச்சு, இனி மீள முடியுமா?

கேள்வி: இலவசப் பரிசு என்று கூப்பிட்டு, டைம்ஷேர் (விடுதியில் வருடத்தில் சில நாள் தங்கும் உரிமையை விலைக்கு வாங்குவது) விற்கும் கூட்டத்தில் உட்கார வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் என்றது நாலரை மணி நேரமானது. கிளம்ப எழுந்தால் மேனேஜர் என்று இன்னொருவர் வந்து விலையைக் குறைத்தார், "இன்றைக்கு மட்டும்தான்" என்றார். டைம்ஷேருக்குக் கையெழுத்து போட்டு மூன்று நாளாகிறது, தூக்கமே இல்லை.

பதில்: வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, களைத்துப்போகும் வரை உட்கார வைப்பதுதான் அவர்கள் வழி. ஒப்பந்தத்தை எடுத்து, ரத்து செய்ய எத்தனை நாள் கெடு என்று இப்போதே பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 14 நாள், அமெரிக்காவின் புளோரிடாவில் 10 நாள் என்று இடத்துக்கு இடம் மாறும். போனில் சொன்னால் போதாது. ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கும் முறைப்படி எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். மறுபடி கூப்பிட்டு இன்னும் தள்ளுபடி என்பார்கள், பேச்சை வளர்க்கவே வேண்டாம்.

கெடு தாண்டினால் கஷ்டம்தான். போய்த் தங்காவிட்டாலும் வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும், அது பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும், விற்கப் போனாலோ பெரும்பாலும் கொடுத்ததில் சொற்பம்கூடத் தேறாது. அப்புறம், முன்பணம் கட்டினால் விற்றுத் தருகிறேன் என்று யாராவது போன் செய்தால் காசு கொடுத்துவிடாதீர்கள்.