அடைக்கோழி, குஞ்சு, வீட்டுத் தோட்டம்: கேள்வி பதில்

எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். மருந்து அளவு கேட்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

வில்லியனூர்: கோழி பெட்டியை விட்டு எழவே மாட்டேன் என்கிறது. எத்தனை முட்டை, எப்படி வைப்பது?

அடைக்கு வந்துவிட்டது, அதாவது முட்டைமேல் உட்கார்ந்து குஞ்சு பொரிக்கத் தயார். கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வருகிறதா? சந்தேகமே வேண்டாம். நாட்டுக்கோழிக்கு 10, 12 முட்டை போதும். உடம்புக்கு வெளியே ஒரு முட்டை தெரிந்தாலும் அதிகம்தான். கோழி முட்டைகளை உருட்டி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். இன்று ஓரத்தில் சில்லிட்டது நாளை நடுவே போகும், வேறொன்று ஓரத்துக்கு வரும். பேராசைப்பட்டு 18 வைத்தால் பாதி கூட தேறாது.

மூங்கில் கூடையில் இரண்டு விரல் உயரம் மணல், மேலே வைக்கோல், கொஞ்சம் வேப்பிலை. ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாகப் பொறுக்குங்கள். ஃபிரிட்ஜில் வைத்தது வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே மாலையில் வைத்தால் 21ஆம் நாளை ஒட்டிச் சேர்ந்தாற்போல் பொரியும். தினம் ஒரு தடவை இரைக்கும் எச்சமிடவும் எழுந்து போகும், தடுக்காதீர்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல ரத்த நரம்பு தெரிந்தால் கரு ஓடுகிறது. தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள்.

முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சுதான் நுண்துளை வழியே கிருமி நுழையாமல் காக்கிறது.

முத்தியால்பேட்டை: கடை முட்டை பொரியுமா?

பொரியாது. பண்ணையில் சேவல் சேராமல் இட்டது, கரு கிடையாது.

பண்ருட்டி: ஐப்பசி இடிக்கு முட்டை கெட்டுவிடும் என்று இரும்புத்துண்டும் கரியும் போடுவோம். அதைச் சொல்லவில்லையே?

போடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் அது காக்காது. அடைமழையில் முட்டை கெடுவது தரை ஈரத்தாலும், சாரலில் கோழி கூடையை விட்டு எழுந்துவிடுவதாலும்தான்.

பண்ருட்டி, மறுபடியும்: போன வருஷம் இரண்டு கூடை வைத்தோம். இரும்பு போட்டது பொரிந்தது, போடாதது அத்தனையும் கூமுட்டை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இரண்டும் எங்கே இருந்தன?

பண்ருட்டி: ஒன்று திண்ணையில். இன்னொன்று பின்னால் கீற்றுக் கொட்டகையில்.

எது பொரிந்தது என்று நீங்கள் சொல்லாமலே தெரிகிறது. திண்ணைக் கூடைதானே? பெரியவர்களைக் குறை சொல்லவில்லை. மணல் போடச் சொன்னதும் அவர்கள்தான், அது சூட்டைப் பிடித்து வைக்கும், முட்டை உருளாமலும் இருக்கும். ஆனால் இரும்பைப் போட்டுவிட்டோம் என்று கூடையை ஒழுகும் இடத்தில் விட்டுவிடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது நம் பக்கம் எத்தனை கொட்டகையில் தண்ணீர் நின்றது! அந்த நேரத்தில் கூடையைச் செங்கல்மேல் ஏற்றியவர்களுக்குக் குஞ்சு மிஞ்சியிருக்கும்.

நெல்லிக்குப்பம்: நாங்கள் காய்ந்த மிளகாயும் போடுவோம். அதுவும் வீணா?

ஆமாம். மிளகாயைக் குழம்புக்கு வையுங்கள். கூடையை உயரத்தில் வையுங்கள். இடியைப் பற்றி இதோடு போதும், நாளெல்லாம் இதிலேயே போகிறது.

லாஸ்பேட்டை: கடையில் பழுப்பு நிற முட்டை வாங்கினேன். அதை வைக்கலாமா?

முத்தியால்பேட்டைக்காரருக்குச் சொன்னதேதான். நிறத்தை வைத்து நாட்டு முட்டை என்று சொல்ல முடியாது. சேவலோடு திரியும் கோழி உள்ள வீட்டில் கேட்டு வாங்குங்கள்.

பாகூர்: முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்து வைக்கலாமா?

நனைப்பதும் கழுவுவதும் ஒன்றுதான். வேண்டாம்.

குறிஞ்சிப்பாடி: ஓடு கீறிவிட்டது, குஞ்சு வரவில்லை. நான் உடைத்துவிடட்டுமா?

கை வைக்காதீர்கள். முதல் கீறல் விழுந்து வெளியே வர ஒரு நாள் வரை ஆகலாம். அந்த நேரத்தில்தான் மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகிறது, ஓட்டுச் சவ்வின் ரத்தமும் வற்றுகிறது. அவசரப்பட்டுப் பிய்த்தால் ரத்தம் ஒழுகிச் செத்துப்போகும். பொரிந்த குஞ்சும் முதல் நாள் தீனி இல்லாமல் தாங்கும். அப்புறம் நொய்யும், கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீரும் வையுங்கள். ஆழமான கிண்ணத்தில் விழுந்து சாகும் குஞ்சுகள் அதிகம்.

திருப்பாதிரிப்புலியூர்: வெள்ளைக்கழிச்சலுக்கு என்ன கொடுக்கலாம்?

ராணிக்கெட் என்னும் இந்தக் கோழி வைரஸ் நோய்க்கு, வந்த பிறகு மருந்தில்லை. குஞ்சு பொரிந்த ஏழாம் நாள் வாக்கில் அதன் கண்ணில் சொட்டுத் தடுப்பு மருந்து போட வேண்டும், கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

தேவனாம்பட்டினம்: கத்தரிச் செடிக்குப் புதுக் கோழி எரு போட்டேன். இலை ஓரம் கருகுகிறது. கிணற்றுத் தண்ணீரும் கொஞ்சம் உப்பு.

உப்புத் தண்ணீர் ஏற்கெனவே வேரை வாட்டுகிறது, அதன்மேல் பச்சை எரு. போட்ட எருவைச் சுரண்டி எடுத்துவிட்டு, மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ நிறைய விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். இனிமேல் எருவைச் சருகோடு கலந்து குவித்து, இரண்டு மூன்று மாதம் மட்கிய பிறகு போடுங்கள். மணல் மண்ணில் ஈரம் நிற்காது, தென்னை மட்டையோ வைக்கோலோ மண்ணை மூடும்படி மூடாக்காகப் போடுங்கள்.

அதே கேள்வியாளர்: கோழி நாற்றையெல்லாம் கிளறுகிறதே?

செடி முழங்கால் உயரம் வரும்வரை பாத்தியைச் சுற்றி வலை கட்டுங்கள். அப்புறம் சாயங்காலம் ஒரு மணி நேரம் விட்டால் புழு பூச்சியைப் பொறுக்கும். கீரைப் பாத்திக்குள் மட்டும் எப்போதும் விடாதீர்கள்.