டிஸ்னிக்குப் போகும் தாத்தா – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அட்லாண்டாவில் இருக்கும் மகள் வரும் டிசம்பரில் எங்களை அழைத்துக்கொள்கிறாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆர்லாண்டோ வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ஐந்து நாள் தங்குவதாகத் திட்டம். பேரனுக்கு ஐந்து வயது. என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு.

எங்கே போனாலும் முன்கூட்டிப் படித்துவிட்டுப் போவது என் வழக்கம். மகளோ, "எல்லாம் போன்லயே இருக்குப்பா, புக் எதுக்கு?" என்கிறாள். தேடிப் பார்த்தால் டிஸ்னி நிறுவனமே போடும் 'பிர்ன்பாம்' வழிகாட்டி ஒன்று, 'அன்அஃபிஷியல் கைடு' என்று ஒன்று, இன்னும் பல வருகின்றன. எதை வாங்குவது? சென்னையில் பழைய புத்தகக் கடை ஒன்றில் 2018 பதிப்பு மலிவாகக் கிடைக்கிறதாம். அது போதுமா? இல்லை, பிடிஎஃப் எங்காவது கிடைக்குமா? தமிழில் இப்படி ஒன்று ஏன் வரவில்லை? மிக்கி மவுஸைக் காட்டிப் பேரனை நம்மிடமிருந்து இன்னும் தூரமாக்குகிறோமோ என்றும் ஓர் எண்ணம். இந்த வயதில் எனக்கு அங்கே என்ன இருக்கிறது என்றும்.

ச.,
வேலூர்

அன்புள்ள ச. ஐயாவுக்கு,

மிக்கி மவுஸைப் பார்த்ததால் எந்தப் பேரனும் தாத்தாவை விட்டுத் தூரமாகப் போனதில்லை. அந்தக் கவலையை விடுங்கள். அவன் உயரத்தைச் சுவரில் நிறுத்தி அளந்து அனுப்பும்படி மகளிடம் சொல்லுங்கள். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

பிடிஎஃப். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவர் கேட்கிற கேள்வியா இது? விமான டிக்கெட்டுக்கு லட்சங்கள், ஓட்டலுக்கு டாலர்கள், நுழைவுச் சீட்டுக்கு அதற்கு மேல் டாலர்கள். இவ்வளவையும் வீணாகாமல் காப்பாற்றித் தரப்போகும் புத்தகம் மட்டும் ஓசியில் வேண்டும். என் புத்தகங்களுக்கும் இதே கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. அதனால் கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை, ஆனால் உங்கள் மேலும்தான். காசு கொடுத்து வாங்குங்கள். முடியாவிட்டால் அட்லாண்டாவில் பொது நூலகம் இருக்கிறது. மகள் எடுத்து வந்து வைக்கட்டும், நீங்கள் போய் இறங்கியதும் படிக்கலாம்.

நான் ஆர்லாண்டோ போனதில்லை. போகும் உத்தேசமும் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த 'அன்அஃபிஷியல் கைடு' என் வீட்டில் இருக்கிறது. அக்கா மகன் குடும்பத்தோடு போய்வந்து, அடுத்த முறை ஊருக்கு வந்தபோது பெட்டி கனம் குறைய இங்கே விட்டுவிட்டுப் போனது. தடிப் புத்தகம். தூக்கம் வராத இரவுகளில் எடுத்துப் புரட்டப்போய் முழுக்கப் படித்துவிட்டேன். ஊர் பார்ப்பதைப் பற்றிய புத்தகம் என்று நினைத்துத்தான் திறந்தேன். உள்ளே இருப்பதெல்லாம் வரிசை. எங்கே நின்றால் எவ்வளவு நேரம் போகும், யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, எதற்காக நிற்பது முட்டாள்தனம். படிக்கப் படிக்கக் குடியாத்தத்துப் பெரியம்மா குரல் கேட்க ஆரம்பித்துவிட்டது.

பெரியம்மா பீடி சுற்றுகிறவள். திருப்பதிக்கு வருஷா வருஷம் போவாள். எங்கள் தெருவில் யார் திருப்பதி போவதென்றாலும் முதல் நாள் சாயங்காலம் அவள் திண்ணைக்கு வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் போவார்கள். முறம் மடியில் இருக்கும். ஈரத்துணியில் சுற்றி வைத்த இலையைத் தகடு வைத்து வெட்டிக்கொண்டே, தூள் போட்டு உருட்டி நூல் சுற்றிக்கொண்டே பேசுவாள், நிமிர்ந்து பார்க்க மாட்டாள். முதலில் கேள்வி கேட்பாள். கூட யார் வருகிறார்கள்? கைக்குழந்தை உண்டா? மாமியாருக்கு சர்க்கரை இருக்கா? காட்பாடியில் எந்த ரயில்? இதெல்லாம் தெரிந்த பிறகுதான் வழி சொல்வாள்.

அதுவும் என்ன வழி! முக்கால்வாசி, போகாதே என்பதுதான். "பொரட்டாசி சனிக்கெழமையா? போவாத. முன்னால நிக்கிறவன் முதுகத்தான் சேவிச்சிட்டு வருவே." "கெழவிய வெச்சிக்கினு பாபநாசம் தீர்த்தம் இன்னாத்துக்கு? மொட்ட போட்டியா, சாமி பாத்தியா, மத்தியானம் சத்திரத்துல படுத்தியான்னு இரு." "கொட்டாயில அடைக்கறதுக்கு முன்னால புள்ளைக்கு சோறு ஊட்டிடு, அப்பால உள்ள அழுவும்." இதே திருப்பதிக்குத் தேவஸ்தானத்து வெளியீடுகளும் உண்டு. நல்ல அச்சு, அழகான படங்கள், எல்லாத் தீர்த்தங்களின் மகிமையும் இருக்கும். எந்தத் தீர்த்தத்தை விட்டுவிடலாம் என்று மட்டும் இருக்காது. தேவஸ்தானம் அப்படி எழுத முடியாது, பெரியம்மா சொல்லலாம்.

இப்போது உங்கள் இரண்டு புத்தகங்களுக்கு வருகிறேன். பிர்ன்பாம் டிஸ்னியே வெளியிடுவது. வண்ணப் படம், பளபளப்பு. பேரன் மடியில் உட்கார்ந்து புரட்டுவதற்கு அதைவிட நல்ல புத்தகம் கிடையாது. அதில் எல்லாமே அருமையாக இருக்கும். தன் கடைச் சரக்கை மோசம் என்று யார் எழுதுவார்கள்? அன்அஃபிஷியல் கைடு, பாப் செலிங்கர் என்பவர் ஆரம்பித்தது. பிறகு லென் டெஸ்டா என்ற கணினிக்காரர் சேர்ந்துகொண்டார். காலையில் வாசல் திறந்ததும் முதலில் எதற்கு நடப்பது, இரண்டாவது எது, எதைச் சாயங்காலத்துக்குத் தள்ளுவது என்று மணிக்கணக்குப் போட்டு, ஆள்விட்டு நடந்து பார்த்து எழுதுகிறார்கள். நீங்கள் கணக்கு வாத்தியார், சொக்கிப்போவீர்கள். ஒவ்வொரு சவாரிக்கும் வயதுவாரியாக நட்சத்திரம் தருகிறார்கள்: பள்ளிக்குப் போகாத குழந்தைக்கு இத்தனை, பதின்வயதுக்கு இத்தனை, மூத்த குடிமக்களுக்கு இத்தனை. ஐந்து வயதுப் பையன் துள்ளும் இடத்தில் தாத்தா கொட்டாவி விடுவார் என்பதை ஒளிக்காமல் போட்டிருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது, வாசகர் கடிதங்களை ஊடே ஊடே அப்படியே அச்சிட்டிருப்பது. உங்கள் திட்டப்படி நடந்து என் பிள்ளைகள் அழுதார்கள் என்று ஒரு தாய் திட்டியிருப்பாள். அடுத்த பத்தியிலேயே, அதே திட்டம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று வேறொருவர். திட்டு வாங்கியதைத் தன் புத்தகத்திலேயே போடுகிற ஆளை நம்பலாம். இதை வாங்குங்கள். பேரனுக்கு வேண்டுமானால் மற்றதையும் வாங்கிக்கொடுங்கள்.

ஆனால் பயணம் போகும் வருஷத்துப் பதிப்பாக இருக்க வேண்டும். 2018 பதிப்பு இலவசமாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அதை நம்பிப் போனால் முதல் நாள் காலையிலேயே வாசலில் மகளோடு சண்டை வரும். அப்போது ஃபாஸ்ட்பாஸ் என்று ஒன்று இருந்தது. 1999இல் கொண்டுவந்தார்கள், சவாரிக்கு நேரம் குறித்துக்கொண்டு குறுக்கு வரிசையில் போகலாம், காசு கிடையாது. இப்போது அது இல்லை. 2021இல் ஜீனி ப்ளஸ் என்று காசுக்கு மாற்றினார்கள், 2024இல் அதன் பெயரும் போய் லைட்னிங் லேன் மல்டி பாஸ் ஆகிவிட்டது. நம் திருமலை 300 ரூபாய் டிக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள், விலை மட்டும் நாளுக்கு நாள் மாறும். டிஸ்னியின் ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவில் ஸ்டார் வார்ஸ் பகுதி திறந்தது 2019இல். அதே ஊரில் யுனிவர்சல்காரர்கள் எபிக் யுனிவர்ஸ் என்று புதுப் பூங்காவே திறந்தது 2025 மே மாதம். டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் 1971இலிருந்து இருந்த ஆற்றையும் அதன் நடுவே இருந்த தீவையும் 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள். உங்கள் மலிவுப் பதிப்பை வைத்துக்கொண்டு இல்லாத ஆற்றில் படகு தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இதனால் மகள் சொல்வதில் பாதி சரி. அன்றன்றைக்கு எந்த வரிசை எவ்வளவு நீளம், எது பழுதாகி நிற்கிறது, லைட்னிங் லேன் எடுப்பது எல்லாம் போனில்தான். அதை அவள் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் எட்டிப் பார்த்து யோசனை சொல்லாதீர்கள். ஆனால் எதை விடுவது என்பதை அங்கே வெயிலில் நின்று, ஒரு கையில் குழந்தையும் இன்னொரு கையில் போனுமாக முடிவு செய்ய முடியாது. அது சத்துவாச்சாரியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது. சுமார் 40 சதுர மைல் பரப்பில் நாலு பூங்காக்கள். நாலையும் ஐந்து நாளில் முழுசாகப் பார்ப்பேன் என்று கிளம்பினால் கால்தான் போகும்.

தமிழில் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். இதை நான் நெடுநாளாகப் பொருமிக்கொண்டிருக்கிறேன். நம் பயணக் கட்டுரைக்காரருக்குச் சூரிய உதயம் தெரியும், பனிமூட்டம் தெரியும், "மெய்மறந்து நின்றேன்" தெரியும். கழிப்பறை எங்கே என்று எழுதக் கை வராது. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலைப் பற்றி எழுதாத ஆள் இல்லை. 2007இல் குடமுழுக்கு, 1,500 கிலோ தங்கம் என்று எல்லோரும் எழுதுவார்கள். சந்நிதிக்குப் போக நட்சத்திர வடிவப் பாதையில் ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பதை யார் எழுதுகிறார்கள்? சி.எம்.சி.யில் வைத்தியத்துக்கு வருகிறவர்கள், நடுவில் ஒரு நாள் சும்மா இருக்கிறதே என்று நோயாளியையும் கூட்டிக்கொண்டு அங்கே போகிறார்கள். போன மாதம் வெளியூர் நண்பர் ஒருவர், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்த தன் அம்மாவை அழைத்துப் போனார், பாதி வழியில் அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். என்னிடம் முதலிலேயே கேட்டிருந்தால் போகாதே என்றிருப்பேன். கோட்டையைப் பற்றியும் இப்படித்தான். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களை வர்ணிக்கிறவர்கள், சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் அந்தப் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது என்பதைச் சொல்வதில்லை. வேலூர் வெயிலை அறியாதவனா எழுதுகிறான்? அறிந்தவன்தான். சொன்னால் ஊருக்குக் குறைவு என்று ஒரு நினைப்பு. ஊர்ப் பெருமை எழுதுகிற கையால் வழிகாட்டி எழுத முடியாது. நீங்கள் ஓய்வில்தானே இருக்கிறீர்கள்? திரும்பி வந்ததும் வேலூருக்கு ஒன்று எழுதுங்கள், எதைப் பார்க்க வேண்டாம் என்பதிலிருந்து ஆரம்பித்து.

இந்த வயதில் அங்கே எனக்கு என்ன என்கிறீர்கள். மேஜிக் கிங்டமைச் சுற்றி ஒரு ரயில் ஓடுகிறது. பொம்மை ரயில் இல்லை ஐயா. நாலு நிஜ நீராவி எஞ்சின்கள். 1916க்கும் 1928க்கும் இடையில் பிலடெல்பியாவின் பால்ட்வின் ஆலையில் செய்து, மெக்சிகோவின் யுகடான் பக்கம் உழைத்துக் களைத்தவை. வாங்கி வந்து பழுது பார்த்து ஓட்டுகிறார்கள். தண்டவாள அகலம் மூன்று அடி. நம் பழைய விழுப்புரம்–காட்பாடி மீட்டர் கேஜைவிட மூன்றரை அங்குலம்கூடக் குறைவில்லை. கரிப்புகை கண்ணில் விழுந்த வயது உங்களுக்கு, பேரனுக்குச் சொல்ல நிறைய இருக்கும். வேலை நடந்தால் ரயிலை நிறுத்திவைப்பார்கள், அன்றைக்கு ஓடுகிறதா என்று மகள் போனில் பார்க்கட்டும்.

உயரம் கேட்டேன் அல்லவா? செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின் என்ற சவாரியில் ஏற 38 அங்குலம் வேண்டும், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44. ஐந்து வயதுப் பையன் இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது இருப்பான். வாசலில் கோல் வைத்து அளந்து திருப்பி அனுப்புவார்கள், கெஞ்சினால் நடக்காது. அளக்காமல் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சாப்பாடு: வெளியிலிருந்து கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் கூடாது. எலுமிச்சை சாதம் கட்டுங்கள்.

கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை அங்கே ஆண்டிலேயே பெரிய கூட்டம். பெரியம்மா கணக்கில் புரட்டாசி சனிக்கிழமை. மகளுக்கு லீவு மாற்ற முடியுமானால் டிசம்பர் முதல் பாதிக்கு மாற்றச் சொல்லுங்கள். பேரனுக்கு ஐந்து வயதுதானே, ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகாவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. இதை ஒரு வாத்தியாரிடம் சொல்வதில் எனக்கு அற்ப சந்தோஷம் உண்டு. முடியாதென்றால் காலையில் வாசல் திறக்கும் முன்பே போய் நின்று, மத்தியானம் ஓட்டலுக்குத் திரும்பிப் படுத்துவிட்டு, வெயில் தாழ மறுபடி போங்கள். புத்தகமும் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

ஒன்றே ஒன்றை மட்டும் இப்போதே செய்யுங்கள். உங்கள் மனைவிக்குச் சக்கர நாற்காலி. பூங்கா வாசலிலேயே வாடகைக்குத் தருகிறார்கள், பெரும்பாலான வரிசைகளுக்குள் அதிலேயே போகலாம். "நான் என்ன நொண்டியா, நடந்தே வரேன்" என்பார்கள். எல்லா வீட்டு அம்மாக்களும் அதைத்தான் சொல்வார்கள். அங்கே போய் மருமகன் முன்னால் பேச்சை எடுத்தால் கண்டிப்பாக உட்கார மாட்டார்கள். இன்று ராத்திரி சாப்பாடானதும் பேசி முடியுங்கள், சம்மதம் வாங்கியபின் புத்தகத்துக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்