வாசகர் கேள்விகள்: ஏரிக்கு அடியில் நிற்கும் காடு

கேள்வி: அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மலைமேல் உள்ள கிளியர் ஏரியின் அடியில் மரங்கள் நின்ற நிலையிலேயே இருக்கின்றன என்று படித்தேன். அவை எப்படி ஏரிக்குள் வந்தன? ஏன் இன்னும் மக்கவில்லை?
– வாசகி, தென்காசி

பதில்: மரங்கள் முதலில் இருந்தன, ஏரி பிறகு வந்தது. கேஸ்கேட் மலைத்தொடரில், வில்லாமெட் தேசிய வனத்துக்குள், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த ஏரி. சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன், அருகிலுள்ள சாண்ட் மவுண்டன் எரிமலைக் கூம்புகளிலிருந்து வழிந்த நெருப்புக் குழம்பு பள்ளத்தாக்கில் இறங்கி, அங்கே ஓடிக்கொண்டிருந்த ஆற்றின் குறுக்கே உறைந்து அணையாகிவிட்டது. தேங்கிய நீர் ஏற ஏற, அங்கு வளர்ந்திருந்த மரங்கள் நின்ற இடத்திலேயே மூழ்கின. அந்த மரங்களைக் கதிரியக்கக் கார்பன் முறையில் ஆராய்ந்தே ஏரியின் வயதைக் கணித்தார்கள்.

அவை மக்காமல் இருப்பதற்கு முதற்காரணம் குளிர். மலையில் பெய்யும் பனி உருகி, துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த எரிமலைப் பாறைக்குள் இறங்கி, சில ஆண்டுகள் இருளிலேயே நகர்ந்து, பிறகு ஏரிக்கரையில் ஊற்றாகப் பொங்குகிறது. கோடையிலும் கை மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ந்த அந்த நீரில் ஊட்டச்சத்தும் குறைவு என்பதால், மரத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மிக மெதுவாகவே வேலை செய்கின்றன. வண்டலும் பாசியும் அதிகம் கலங்காததால், படகிலிருந்து குனிந்து பார்த்தாலே ஆழத்தில் அடிமரங்கள் தெரியும். இயந்திரப் படகுகளுக்கு அங்கே அனுமதி இல்லை. மிகச் சரியான முடிவு என்பதே என் கருத்து.

கேள்வி: அந்த ஏரியிலிருந்து புறப்படும் ஆறு வழியில் மறைந்துவிடுகிறது என்பது உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: உண்மைதான், ஆனால் அதில் மனிதர்களுக்கும் பங்குண்டு. மெக்கென்சி என்னும் அந்த ஆறு ஏரியை விட்டதும் சகாலி, கூசா என்ற இரண்டு அருவிகளாகப் பழைய எரிமலைப் பாறை விளிம்புகளிலிருந்து விழுகிறது. அதற்குக் கீழே, 1960களில் அமைந்த நீர்மின் திட்டம் ஆற்றுநீரைச் சுரங்கம் வழியே வேறு பக்கம் திருப்புகிறது. எஞ்சிய நீரையும் துளைப்பாறை உறிஞ்சிக்கொள்வதால், சில கிலோமீட்டர் தொலைவுக்குப் பெரும்பாலும் வறண்ட கற்படுகையே தெரியும். பின்னர் டாமொலிச் என்ற குளத்தில், ஆழ்ந்த நீல நிறத்தில், ஆறு அடியிலிருந்து ஊறி மீண்டும் எழுகிறது. மழை ஓய்ந்த கோடையிலும் இந்த மலையூற்றுகள் வற்றுவதில்லை. கீழே சமவெளியில் யூஜீன் நகரத்து மக்கள் குடிப்பது மெக்கென்சி ஆற்று நீரைத்தான்.