சம்பளம் ஏறவில்லை, வாடகை மட்டும் எப்படி ஏறியது?

அமெரிக்க நகரங்களில், முதலீட்டாளருக்கு வரிக்கழிவு தந்து குறைந்த வருமானக்காரர்களுக்கு வீடு கட்டவைக்கும் டாக்ஸ் கிரெடிட் திட்டத்தில் எழுந்த வாடகை வீடுகளைப் பற்றி வந்த கடிதங்களில் பாதி கோபம், பாதி குழப்பம். கோபத்திலிருந்தே தொடங்குகிறேன்.

குறைந்த வருமானக்காரர்களுக்கான கட்டடம் என்று சொல்லித்தான் குடிவைத்தார்கள். இப்போது வருஷா வருஷம் வாடகை ஏறுகிறது. இது சட்டப்படி சரியா?

பெரும்பாலும் சரிதான், கொடுமையே அதுதான். இந்த வாடகையை உங்கள் சம்பளத்தைப் பார்த்து வைப்பதில்லை, ஊரின் சம்பளத்தைப் பார்த்து வைக்கிறார்கள். உங்கள் வட்டாரத்தின் இடைநிலைக் குடும்ப வருமானத்தை (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேல், பாதி கீழ்) மத்திய வீட்டுவசதித் துறையான ஹட் ஆண்டுதோறும் வெளியிடும். பொதுவாக அதில் 60 சதவீதம்தான் குடிவருவோருக்கான வருமான வரம்பு. பேச்சுக்கு, 3 பேர் குடும்பத்துக்கு அது 80,000 டாலர் என்று வையுங்கள். அதன் 30 சதவீதம்தான் வருஷ வாடகைக்கு உச்சம்: 24,000. மாதத்துக்கு 2,000. படுக்கையறைக்கு ஒன்றரை ஆள் என்பது கணக்கு. ஆகவே இரண்டு படுக்கையறை வீட்டுக்கு உச்ச வாடகை 2,000 டாலர். நீங்கள் 50,000 மட்டுமே சம்பாதித்தாலும் அதே 2,000 கேட்கலாம். வருமானத்தில் 48 சதவீதம் வாடகைக்கே போய்விடும். பக்கத்துத் தெருவில் நல்ல சம்பளக்காரர்கள் குடியேறக் குடியேற இடைநிலை உயரும், உச்ச வரம்பும் கூடவே ஏறும். இடைநிலை இறங்கினால்? 2008-இல் வந்த சட்டப்படி, ஏற்கெனவே இருக்கும் கட்டடத்துக்கு வரம்பு இறங்காது. ஏறுவதற்கு மட்டும் படிக்கட்டு!

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். மின்சாரம், எரிவாயுவுக்கு நீங்களே பணம் கட்டினால், அதற்கென மதிப்பிட்டு ஒதுக்கும் தொகையை, அதாவது படியை, உச்ச வரம்பிலிருந்து கழித்த பிறகுதான் வாடகை. என் மேசைக்கு வந்த ஒரு நோட்டீஸில் பல வருஷத்துக்கு முந்தைய படியையே கழித்திருந்தார்கள். எழுதிக் கேட்டதும் வாடகை இறங்கியது. செக்‌ஷன் 8 வவுச்சர், அதாவது அரசின் வாடகை உதவிச் சீட்டு, கிடைத்தால் கதையே வேறு. அங்கே நீங்கள் கட்டும் பங்கு உங்கள் சொந்த வருமானத்தை ஒட்டி வரும். வவுச்சர் வைத்திருப்பதற்காக டாக்ஸ் கிரெடிட் கட்டடத்தில் யாரையும் மறுக்க முடியாது.

சம்பள உயர்வு கிடைத்தால் காலி செய்யச் சொல்வார்களா?

மாட்டார்கள். உங்கள் வருமானம் அந்த வருமான வரம்பின் 140 சதவீதத்தைத் தாண்டினால், அடுத்து காலியாகும் வீட்டைத் தகுதியுள்ளவருக்குத் தர வேண்டும் என்பது உரிமையாளருக்கான விதி. தக்க காரணமின்றி உங்களை வெளியேற்ற முடியாது.

மகன் கல்லூரியில் சேர்கிறான். முழுநேர மாணவர் இருந்தால் தகுதி போய்விடுமாமே?

வீட்டில் எல்லாருமே முழுநேர மாணவர்களாக இருந்தால்தான் சிக்கல். அதிலும் சில விலக்குகள் உண்டு. நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள் அல்லவா? நிம்மதியாகச் சேருங்கள்.

பிறந்து வளர்ந்த பேட்டையில் புதுக் கட்டடம் வருகிறது. குலுக்கலில் எங்கிருந்தோ வந்தவருக்கு வீடு. எங்களுக்கு முன்னுரிமை கிடையாதா?

ஊரைப் பொறுத்தது. சான் பிரான்சிஸ்கோவில் 2015-இல் சட்டமே போட்டார்கள்: அக்கம்பக்கத்தாருக்கு 40 சதவீத வீடுகள். மறு வருஷமே சண்டை வந்தது. வெஸ்டர்ன் அடிஷன் பகுதியில் வில்லி பி. கென்னடி முதியோர் குடியிருப்பு திறக்கும் நேரத்தில், இந்த முன்னுரிமை இனப் பிரிவினையை நிலைக்க வைக்கும் என்று ஹட் மறுத்துவிட்டது. நகரப் புனரமைப்பு என்ற பெயரில் கறுப்பின மக்களை ஏற்கெனவே ஒருமுறை பெயர்த்தெறிந்த பகுதி அது. அங்கே போய் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் எரியாது? கடைசியில் ஒரு சமரசம்: வெளியேற்ற அபாயம் மிகுந்த பகுதிகளில் வாழும் ஏழைகளுக்கு 40 சதவீதம். என்னைக் கேட்டால் ஹட்டின் பயத்தில் நியாயம் இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் மேலேயே அதைப் பிரயோகித்ததுதான் பிழை. அந்தப் புனரமைப்பில் வீடிழந்தவர்களுக்குத் தனி முன்னுரிமைச் சான்றிதழ் உண்டு. 2021-இல் வந்த மாநிலச் சட்டத்துக்குப் பின் அவர்களின் வழித்தோன்றல்களும் கேட்கலாம். பாட்டியின் பழைய விலாசத்தைத் தேடி எடுங்கள்.

எங்கள் கட்டடம் கைமாறுகிறது. வீடு என்ன ஆகும்?

கட்டடம் எந்த வருஷம் குடியேறத் தயாரானது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1986-இல் பிறந்த இத்திட்டத்தில் முதலீட்டாளர், பெரும்பாலும் வங்கி, 10 வருஷம் வரிக்கழிவு எடுத்துக்கொள்வார், 15 வருஷம் விதிகளைக் காக்க வேண்டும், பிறகு கழன்றுகொள்வார். ஆகவே 15-ஆம் வருஷத்தையொட்டிக் கைமாறுவது சகஜம். 1990 முதல் வந்த கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு குறைந்தது 30 வருஷம் நீடிக்கும். கலிபோர்னியாவில் பொதுவாக 55. ஆனால் ஓர் ஓட்டை உண்டு: 14-ஆம் வருஷம் முடிந்ததும் 'வாங்க ஆள் பாருங்கள்' என்று மாநில ஏஜென்சியிடம் உரிமையாளர் கேட்கலாம். ஒரு வருஷத்தில் சட்டம் சொல்லும் சூத்திரப்படியான விலைக்கு ஆள் கிடைக்காவிட்டால் கட்டுப்பாடு நீங்கிவிடும். அப்போதும் குடியிருப்பவருக்கு 3 வருஷப் பாதுகாப்பு உண்டு. பல மாநிலங்கள் இந்த உரிமை வேண்டாம் என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுகின்றன.

உங்கள் கட்டடத்தில் எப்படி என்பது சொத்துப் பத்திரங்களைப் பதியும் கவுன்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் பதிவான ஒப்பந்தத்தில் இருக்கும். கட்டட விலாசத்தோடு போய் நகல் கேளுங்கள்; மேனேஜரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டு வராதீர்கள்.