லைகமிங் எரிபொருள் பம்ப்: ரிப்பேரா, புதுசா? கேள்வி பதில்

(பைப்பர் செரோக்கி போன்ற தாழ்சிறகு விமானங்களின் லைகமிங் ஓ-320, ஓ-360 கார்புரேட்டர் இஞ்சின்களில், இஞ்சினே இயக்கும் எரிபொருள் பம்ப் பற்றி மட்டும்.)

சார், எரிபொருள் அழுத்தம் எப்போதும் 4 பிஎஸ்ஐ காட்டும். இப்போது பூஸ்ட் பம்பை (மின்சாரத் துணைப் பம்ப்) அணைத்தால் 1-க்கு இறங்குகிறது. பம்ப் போச்சா?

வரம்பு 0.5 முதல் 8 வரை. 1 என்பது வரம்புக்குள்தான், ஆனால் இந்த இறக்கத்தை விடக்கூடாது. பம்பைக் கழற்றுமுன் உறிஞ்சும் பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு இணைப்பு தளர்ந்திருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். இஞ்சினை நிறுத்தி, பூஸ்ட் பம்பை மட்டும் ஓடவிட்டால் அதற்குப் பின்னுள்ள குழாய்களில் கசியும் இடம் ஈரமாகும். பூஸ்ட் பம்புக்கு முன்னுள்ளவற்றை, வடிகட்டிக் கிண்ணத்தின் கேஸ்கெட் உட்பட, தனியாகப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் பம்ப்தான். அப்படியே பம்பிலிருந்து கசிவை வெளியே விடும் வடிகுழாயையும் பாருங்கள்.

வடிகுழாயில் என்ன பார்க்கணும்?

நீலக்கறை என்றால் 100எல்எல் (விமானப் பெட்ரோல்); எரிபொருள் பக்க டயஃப்ரம், அதாவது பம்புக்குள் அசையும் ரப்பர் சவ்வு, கிழிந்திருக்கிறது. ஆயில் என்றால் மறுபக்கம். எதுவானாலும் பறக்க வேண்டாம். குளவி மண் வைத்துக் குழாய் அடைந்திருந்தால் இன்னும் மோசம்: கசிவு வெளியே தெரியாமல் ஆயிலில் கலக்க வழி தேடும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை வருகிறதா பாருங்கள்.

டயஃப்ரம் மட்டும் வாங்கி நானே மாற்றலாமா?

விளிம்பு மடித்து அடைத்த பம்பைத் திறக்கவே கூடாது. மாற்றுங்கள்.

ஆனால் பழைய ஏசி கம்பெனி பம்பில் திருகுகள் இருக்கே, அண்ணா. ரிப்பேர் பண்ணத்தானே?

அவை ரிப்பேருக்கானவைதான், ஒப்புக்கொள்கிறேன். அனுமதி பெற்ற பட்டறையில், சோதனை மேடையில் அழுத்தம் பார்த்துச் செய்ய வேண்டியது. டயஃப்ரத்தோடு லீவர் பின், லீவர் முகம், வால்வுகள், ஸ்பிரிங் எல்லாமே தேய்ந்திருக்கும்.

ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் அழுத்தம் கூடுமே?

கூடும், அதுதான் ஆபத்து. இஞ்சின் அசைக்கும் லீவர் டயஃப்ரத்தை இழுக்க மட்டுமே செய்கிறது. எரிபொருளைத் தள்ளுவது ஸ்பிரிங். அதன் விசைதான் வெளிவரும் அழுத்தம். 8-ஐத் தாண்டினால் கார்புரேட்டரின் மிதவை ஊசி தாங்காது, கிண்ணம் நிரம்பி வழியும், இஞ்சின் அறையில் தீ அபாயம். ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்.

கார் பம்பும் இதே உருவம்தானே, விலையில் எவ்வளவோ குறைவு?

உருவம் ஒன்றாயிருக்கலாம். டயஃப்ரம் பொருள், வடிகுழாய் அமைப்பு, வெளியீட்டுச் சான்றிதழ் எதற்கும் உத்தரவாதமில்லை. சான்றிதழ் பெற்ற விமானத்தில் போடவே முடியாது.

பங்க் பெட்ரோல் ஊற்றலாமா?

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்தது) கூடாது. எத்தனால் ரப்பரை ஊதவைக்கும்.

புதுப் பம்ப் மாட்டும்போது எங்கே தவறுவார்கள்?

பம்பின் லீவரைத் தள்ளும் தள்ளுதண்டில். ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றும் முன் மேக்னெட்டோ (தீப்பொறி தரும் கருவி) அணைந்திருக்கிறதா உறுதி செய்து, தண்டு முழுவதும் உள்ளே போகும் இடத்தில் நிறுத்துங்கள். நழுவாமல் அதில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பம்ப் தாங்குமுகத்தில் கையால் தள்ளினாலே உட்கார வேண்டும். போல்ட்டை முறுக்கி இழுத்து உட்காரவைத்தால் லீவர் வளையும் அல்லது உடையும். கேஸ்கெட் புதிது. ஃபிட்டிங்கில் டெஃப்லான் டேப் வேண்டாம், துணுக்கு போய்க் கார்புரேட்டரில் அடைக்கும். எரிபொருளுக்கான சீலண்ட், முதல் இரண்டு மரைகளை விட்டு.

2000 மணி நேரம் ஓடிய பிறகு, இஞ்சின் ஓவர்ஹாலில்தான் மாற்றணுமா?

இஞ்சின் ஓவர்ஹாலில் கட்டாயம் புதுசு. இடையில் வருடாந்திரச் சோதனையில் நிலையைப் பார்த்து. ஓடாமல் நின்ற விமானத்தில் டயஃப்ரம் காய்ந்து விறைக்கும். மணிக்கணக்கு மட்டும் போதாது.

என் ரோட்டாக்ஸ் 912 இஞ்சினுக்கு?

அது வேறு பம்ப். ரப்பர் பாகங்களோடு 5 வருடத்தில் மாற்றச் சொல்லும் கையேட்டைப் பாருங்கள்.

1 பிஎஸ்ஐ காட்டுகிறது, பம்ப் போச்சா?

முதல் பதில்.

வடிகுழாயில் ஒரு சொட்டுதான், பறக்கலாமா?

கூடாது. மேலே சொன்னதுதான்.